பத்தரை மணி ரோபோ

செப்டம்பர் 22, திங்கள்

இன்று காலை 9.40க்கு என் பக்கம் திறந்தது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் நான், என் தங்கை அஞ்சுகம், ஒரு பல்லி.

கீழ் வீட்டிலிருந்து காபியோடு ஏறி வந்த அஞ்சுகம், இதற்கா இரண்டு மாசமாகக் கம்பியும் கையுமாக அலைந்தாய் என்றாள். அவளுக்கு விளக்குவது வீண். ஆனாலும் விளக்கினேன், ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை. சோப்பு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர். ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. டப்பாவும் மோடமும் சேர்ந்தே ஒரு ஜீரோ வாட் பல்பு தின்கிற கரண்ட்டைத்தான் தின்னும். மாடிப்படி அறையின் தலைமேல் ஒரு சோலார் பேனல். கூடத்து மூலையில் பள்ளிக்கூட வேனிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பேட்டரி. பகலில் வெயில் பேட்டரியை நிரப்பும், ராத்திரி பேட்டரி டப்பாவைக் காப்பாற்றும். டப்பாவுக்குள் ஒரே ஒரு இணையப் பக்கம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேட்டரி எத்தனை வோல்ட், கடலூரில் இப்போது வெயிலா மேகமா, அதன் கீழே நான் தினமும் எழுதும் ஒரு வரி. அவ்வளவே.

உச்சியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்: "இந்தப் பக்கம் தண்டபாணி வீட்டு மொட்டை மாடி வெயிலில் மட்டுமே ஓடுகிறது. மின்வாரியக் கரண்ட் ஒரு பொட்டும் கிடையாது. இது என் சொல்."

முப்பத்தொரு வருஷம் ரயில்வே சிக்னல் பிரிவில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினவன் நான். என் விளக்கு அணைந்து ஒரு ரயில்கூட நின்றதில்லை. சொன்னால் சொன்னதுதான்.

இதைப் போய் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள் அஞ்சுகம். கேட்டுவிட்டு, பக்கத்தின் விலாசத்தை மளிகைச் சீட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டு போனாள். கடுகு, பெருங்காயம், என் விலாசம்.

செப்டம்பர் 25, வியாழன்

யார் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று டப்பா தானாக ஒரு பதிவேடு வைத்துக்கொள்கிறது. மூன்று நாளில் கடலூரிலிருந்து பதினாறு பேர். பதினாறும் நான்தான், செல்போனில். வெளியூர் ஆள் ஒன்றே ஒன்று, நேற்றும் இன்றும். டிரோம்சோ, நார்வே. காலை சரியாகப் பத்தரை.

ரோபோ. தேடுபொறிக் கம்பெனிக்காரர்கள் இப்படி ரோபோக்களை அனுப்பி, எந்தச் சந்தில் எந்தப் பக்கம் புதிதாக முளைத்திருக்கிறது என்று பார்த்து வரச் சொல்வார்கள். குளிர் நாட்டில் கம்ப்யூட்டர் வைத்தால் சூடாகாதாம், அதனால் நார்வே. வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பத்தரைக்கு ரோபோ வரவில்லை. பன்னிரண்டேகாலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரோபோவும் லேட்டாகத்தான் எழுந்திருக்கும் போல.

அஞ்சுகம் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, நார்வே என்றால் நம்ம திலகா இருக்கிற நாடாச்சே என்றாள். நார்வேயில் ஐம்பது லட்சம் ஜனம் இருக்கிறது என்றேன். அத்தனை பேரையும் விட்டுவிட்டு உன் பேட்டரியைப் பார்க்க யார் வருவார்கள் என்றாள். அது ரோபோ என்று இருபது நிமிஷம் விளக்கினேன். அவள் முருங்கைக்காயை நறுக்கி முடித்துவிட்டுப் போனாள்.

திலகவதி என் ஒரே மகள். அவள் பத்தாவது படிக்கும்போது அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்புறம் நானும் அஞ்சுகமும்தான் வளர்த்தோம். பரீட்சை எழுதி, தாலுகா ஆபீசில் வேலை கிடைத்து, நான் தெருவுக்கே மூன்று கிலோ பூந்தி கொடுத்தேன். பதினோராவது மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். மீனைப் பற்றிப் படிக்க நார்வே போகிறாளாம். கடலூரில் இல்லாத மீனா என்று கேட்டேன். துறைமுகத்தில் செருப்பில்லாமல் நடந்தால் மீன் மிதிபடுகிற ஊர் இது. நியாயமான கேள்விதானே? அவள் சிரித்தாள். சிரித்ததில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போறதுன்னா போ. இனிமே இந்த வாசப்படி ஏறாத" என்றேன்.

எந்த அப்பனும் சொல்கிறதுதான். சாப்பாட்டு வேளைக்குள் காலாவதி ஆகிவிடும் சொல். குடை எடுத்துப் போ என்றால் நனைந்துகொண்டு வருகிற பெண், ராத்திரி சீக்கிரம் படு என்றால் கோழி கூவும்வரை படிக்கிற பெண், நான் ஆயுசில் சொன்னதில் இதை ஒன்றை மட்டும் அப்படியே கேட்டாள். இரண்டு வருஷம் மூன்று மாசம் ஆகிறது. நானும் கூப்பிடவில்லை. சொன்னது சொன்னதுதானே.

ஆக, அது ரோபோ.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அஞ்சுகத்துக்குக் கை கால் ஓடவில்லை. அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். டப்பாவுக்கும் ஒன்று வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். இன்றைக்கு ஒரு நாள் மெஷினுக்கு ஓய்வு கொடு, நிறுத்து என்றாள். முடியாது என்றேன். சிக்னலுக்கு என்றைக்கு லீவு விட்டோம்?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, விபூதித் தட்டும் சந்தனக் கிண்ணமுமாக மாடிப் பக்கம் போனாள். நான் சுண்டலில் இருந்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

நல்ல வெயில். ஆனால் பேட்டரி 12.3 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை, நிரம்பியிருந்தால் 12.7 காட்டும். ஏன்?

அக்டோபர் 4, சனி

12.1. சிக்னல் பிரிவில் பழுது தேடுவதற்கு ஒரு முறை உண்டு. பேட்டரியில் ஆரம்பித்து, ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில்தான் கம்பத்தில் ஏற வேண்டும். எடுத்த எடுப்பில் கம்பத்தில் ஏறுகிறவன் கத்துக்குட்டி. நான் முறைப்படி பேட்டரியில் ஆரம்பித்தேன். தண்ணீர் சரி. முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சரி.

அக்டோபர் 6, திங்கள்

வயரை முழுக்க மாற்றினேன். 12.0. பக்கத்தில் எழுதினேன்: "ரோபோ கவனத்துக்கு. மெஷினுக்கு உடம்பு சரியில்லை. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்." பத்தரைக்கு வந்தது. பத்து ஐம்பதுக்கு மறுபடி வந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

பாண்டிச்சேரி வரை பஸ்ஸில் போய், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலரைப் புதிதாக வாங்கி வந்து மாட்டினேன். 11.9. நல்லாயிருந்த பழையதை நேற்றே கோபத்தில் கழற்றிப் போட்டிருந்தேன், இப்போது அதன் ஸ்க்ரூவைக் காணவில்லை.

அக்டோபர் 8, புதன்

கம்பத்தில் ஏறினேன். அதாவது, டாக்டர் ஏறக்கூடாது என்று சொன்ன முழங்காலோடு, மாடிப்படி அறைமேல் இருக்கும் பேனலைப் பார்க்க இரும்பு ஏணியில் ஏறினேன்.

பேனலின் நெற்றியில் குழைத்துப் பூசிய மூன்று பட்டை விபூதி. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். இரண்டு பக்கமும் தாங்கிக் கம்பியில் வாழைக்கன்று. அதில் ஒன்று வாடி, இலையை நேராகப் பேனல்மேல் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. பேனலுக்குள் இருக்கும் துண்டுகள் எல்லாம் சீரியல் பல்பு போல ஒன்றோடு ஒன்று கோர்த்தவை. ஒன்றன்மேல் நிழல் விழுந்தால் அத்தனையும் வேலைநிறுத்தம் செய்யும். இந்தப் பாடத்தை நான் பத்து பேருக்குச் சொல்லியிருப்பேன். ஏழு நாள் பழுது தேடியவனுக்கு, ஆயுத பூஜைக்கு அஞ்சுகம் எங்கே ஏறினாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

கீழே வந்து கத்தினேன். அவள் அசரவில்லை. "சாமி கும்புட்டதுக்கே நின்னு போச்சுன்னா அது என்னாண்ணே கரண்டு?" என்றாள். ஐம்பத்தேழு வயதில் சேலையோடு அந்த ஏணியில் வாழைக்கன்றைத் தூக்கிக்கொண்டு எப்படி ஏறினாள் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

நடந்ததை ஒளிக்காமல் பக்கத்தில் எழுதினேன், விபூதிப் பட்டை உட்பட. இன்று ரோபோ ஆறு தடவை வந்தது. சிரிக்கிற ரோபோ போலிருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிப் புகையில் சூரியனே விபூதி பூசிக்கொண்டு வந்தது. 12.4. ரோபோவுக்காக எழுதினேன்: "அதிரசம் கல். அஞ்சுகம் செய்தது. ரோபோக்களுக்குப் பல் கிடையாது, கொடுத்து வைத்தவர்கள்."

அக்டோபர் 23, வியாழன்

மழை பிடித்துவிட்டது. மூன்று நாளாகச் சூரியன் ஆபீஸ் பக்கமே வரவில்லை. ரேஷன் போட வேண்டியதுதான். பக்கத்தில் அறிவிப்பு: "மழைக்காலம் முடியும்வரை காலை 10 முதல் 11 வரை மட்டுமே திறந்திருக்கும்." ஏன் பத்து முதல் பதினொன்று என்று அஞ்சுகம் கேட்டாள். அறிவியல் காரணம் என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

பத்து முதல் பதினொன்று வரை யாரும் வரவில்லை. பதினொன்றுக்கு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, கை வேலையாக இருந்தது (துணி மடித்துக்கொண்டிருந்தேன்). பதினொன்றரைக்கு வந்தது. டிரோம்சோ, நார்வே.

தேடிப் பார்த்தேன். அந்த நாடுகளில் அக்டோபர் கடைசி ஞாயிறோடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்களாம். அங்கே காலை ஏழு என்பது இங்கே பத்தரையாக இருந்தது, இனிமேல் பதினொன்றரை. ரோபோவுக்குக் கடிகாரம் எதற்கு என்று தெரியவில்லை. எழுதி வைத்தேன்: "தொழில்நுட்பக் காரணங்களால் நேரம் 11 முதல் 12 வரை என மாற்றப்படுகிறது."

நவம்பர் 9, ஞாயிறு

அஞ்சுகம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். அவள் வாரா வாரம் திலகாவோடு போனில் பேசுகிறாளாம். எனக்குத் தெரியாதென்று நினைக்கிறாளா, தெரியட்டும் என்றே சொல்கிறாளா தெரியவில்லை. திலகா இருக்கிற ஊரில் இந்த மாசக் கடைசியில் சூரியன் போனால் பொங்கலுக்குத்தான் திரும்பி வருமாம். இரண்டு மாசம் போலப் பகலே கிடையாது. ஊரே லைட்டுப் போட்டுக்கொண்டு நடமாடுமாம்.

"போன வருசம் அந்த இருட்டுல உக்காந்து அழுதுச்சுண்ணே. இப்ப எழுந்ததும், எங்கியோ வெயில் அடிக்குதான்னு பாத்துட்டுத்தான் காபியே போடுதாம்."

எங்கியோ என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. புளி கரைந்து முடிந்தது.

மத்தியானம் மழை விட்டது. ஏணியில் ஏறிப் பேனலைத் துடைத்தேன். காக்கை எச்சம் இரண்டு, வேப்பிலை ஒன்று. முழங்கால் விண் விண் என்று தெறிக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

பக்கத்தில் எழுதியது: "காலை பதினொன்று இருபது. வெயில் இருக்கிறது. மஞ்சளாக இல்லை, வெள்ளையாக, கண்ணைக் கூசுகிறது. எதிர்வீட்டுக்காரர் வடாம் காயப்போட்டிருக்கிறார். இந்த வெயில் வடாத்துக்குப் போதாது, பேட்டரிக்குப் போதும்." ஒரு வரி என்ற விதி போயிற்று. ரோபோ பதினேழு நிமிஷம் இருந்தது.

நவம்பர் 27, வியாழன்

அங்கே இன்றிலிருந்து சூரியன் கிடையாது. இங்கேயும் கிடையாது. வங்கக் கடலில் புயல். துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள். சிக்னல்காரனான எனக்கு அந்தக் கூண்டின்மேல் மரியாதை உண்டு, ஒருபோதும் நல்ல சேதி சொன்னதில்லை என்றாலும். 12.0. மோடத்தை அரை மணி நேரம்தான் போட்டேன். வந்தது.

நவம்பர் 28, வெள்ளி

விடியும்போதே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள், முன்னெச்சரிக்கையாம். காற்று தென்னை மரத்தின் தலையைப் பிடித்து ஆட்டுகிறது. 11.8. பதினொன்றரைக்குச் சரியாகப் பத்து நிமிஷம் திறந்தேன். வந்தது. எழுதினேன்: "புயல் பக்கத்தில். நானும் அஞ்சுகமும் நலம். பேட்டரி மட்டும் கவலைக்கிடம்."

நவம்பர் 29, சனி

11.6. கன்ட்ரோலர் தானாகவே லைனைத் துண்டித்துவிட்டது. இதற்குமேல் இழுத்தால் பேட்டரி செத்துவிடும். பக்கம் அணைந்தது. நான் நிறுத்தாமல் அது தானாக அணைந்தது, திறந்த நாளிலிருந்து இன்றுதான் முதல் தடவை.

பதினொன்றரைக்கு டப்பா முன்னால் உட்கார்ந்தேன். எதற்கென்று தெரியாது. பன்னிரண்டு வரை உட்கார்ந்தேன். செல்போன் டவரும் படுத்துவிட்டது. புயல் கடலூரில் கரையேறுகிறது என்று அங்கே செய்தியில் காட்டியிருப்பார்கள். காட்டிய கையோடு பக்கமும் அணைந்திருக்கிறது.

அஞ்சுகம் மேலே வந்தாள். தன் இன்வெர்ட்டரில் சொருகு என்றாள். அதில் இருப்பது மின்வாரியக் கரண்ட், ஒரு பொட்டும் கிடையாது என்று உலகத்துக்கே எழுதி வைத்திருக்கிறேன், என் சொல் என்று போட்டிருக்கிறேன் என்றேன். இறங்கப் போனவள் படியிலிருந்து திரும்பினாள்.

"ஒரு சொல்லக் காப்பாத்தி ஒரு பொண்ணத் தொலைச்ச. இப்ப இந்தச் சொல்லக் காப்பாத்தி யாரண்ணே தொலைக்கப் போற?"

போய்விட்டாள். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பயம்தான் வந்தது. அங்கே இருட்டில் ஒருத்தி காபி போடாமல் உட்கார்ந்திருப்பாள் என்று பயம்.

நவம்பர் 30, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. தென்னை ஒன்று போயிற்று. தெருவில் முழங்கால் தண்ணீர்.

காலை எட்டு மணிக்கு அஞ்சுகம் வீட்டுக் கதவைத் தட்டி, ஜங்ஷன் பாக்ஸ் இருக்கிறதா என்றேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாளாகக் கரண்ட் இல்லையே, இன்வெர்ட்டரில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். ரொம்பியே இருக்கிறது என்றாள். ஃபேன் போடாமல், ஒரு லைட்டுகூடப் போடாமல், மெழுகுவத்தி வைத்துக்கொண்டு சேர்த்து வைத்திருக்கிறாள். நான் வந்து கேட்கும்வரை.

அவள் சன்னலிலிருந்து என் சன்னலுக்கு வயரை இழுத்து, டப்பாவையும் மோடத்தையும் அதில் சொருகினேன். பச்சை விளக்கு வந்தது. இத்தனை காற்றிலும் மோடத்துக்கு வரும் பைபர் லைன் அறவில்லை. கொட்டை எழுத்து வரியை அழித்துவிட்டு எழுதினேன்:

"இன்று இந்தப் பக்கம் அஞ்சுகத்தின் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. மின்வாரியக் கரண்ட்தான். சொன்ன சொல் போச்சு. அது போகிற வழியில் பழைய சொல் ஒன்றையும் கூட்டிக்கொண்டு போகட்டும். ரோபோ, வாசப்படி யாருக்கும் அடைக்கப்படவில்லை. அன்றைக்குச் சொன்னவன் மடையன்."

பதிவேட்டைத் திறந்தேன். டிரோம்சோ 8.14. டிரோம்சோ 8.15. டிரோம்சோ 8.15. டிரோம்சோ 8.16. அங்கே விடியற்காலை மூன்றே முக்கால். எந்த ரோபோவும் இப்படித் தட்டாது.

8.17க்கு லேண்ட்லைன் அடித்தது. மோடத்தோடு சேர்த்துக் கொடுத்த போன். மோடத்துக்கு உயிர் இருந்தால்தான் அதற்கும் உயிர். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிறவர்களைத் தவிர யாரும் அதில் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. எடுத்தேன்.

"ரோபோ பேசறேன்."

இதை மறைத்து என்ன ஆகப் போகிறது, அழுதேன். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம். இரண்டு நாளாக இந்த நம்பரையே அடித்துக்கொண்டிருந்தாளாம், தூங்கவில்லையாம். அப்புறம் அவள்தான் பேசினாள்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனியாப்பா?"

ஊற்றினேன் என்றேன். வாசப்படி பற்றி எழுதியிருப்பது நிஜம்தானா என்று கேட்டாள். இது என் சொல் என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வாம்மா" என்றேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

சுள்ளென்று வெயில். 12.8. அஞ்சுகத்திடம் ஜங்ஷன் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தின் உச்சி வரியையும் மாற்றினேன்: "இந்தப் பக்கம் பெரும்பாலும் வெயிலில் ஓடுகிறது. மீதிக்கு அஞ்சுகம்."

பேனலில் மறுபடி ஒரு சந்தனப் பொட்டு இருக்கிறது, ஓரத்தில், கண்ணாடியில் படாமல் சட்டத்தின்மேல். பார்க்காத மாதிரி இறங்கிவிட்டேன்.

ரோபோ பொங்கலுக்கு வருகிறது. அங்கே சூரியன் திரும்பும் சமயம் இவள் இங்கே இருப்பாள், அது ஏமாறட்டும். மழையில் வாசப்படி முழுக்கப் பாசி பிடித்திருக்கிறது, கால் வைத்தால் வழுக்கும். பிளீச்சிங் பவுடரும் தேங்காய் நாரும் வாங்கிவந்து நாளைக் காலையிலேயே தேய்க்க வேண்டும்.